காட்டுக்கு யார் முத்தவல்லி?

வக்ஃபு பற்றிய பிக்ஹுப் பாடத்தை ஓதிக் கொடுக்குங்கால், மாணவர் உள்ளத்தில் முதலாவதாகப் பதிய வைக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. தனக்கு உடைமையல்லாத பொருளை எவரும் வக்ஃபு செய்ய இயலாது என்பதே அது. தென்னந்தோப்பையே எழுதி வைக்கும் செல்வராயினும், ஒரு குழி நிலத்தை எழுதி வைக்கும் எளியவராயினும், அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி ஒன்றே: இப்பொருள் உமக்கு உரியதுதானா? அதனைத் தொடர்ந்து வேறு இரு கேள்விகள் வரும். இதன் பயன் யாரைச் சேரும்? இதனைப் பேணும் முத்தவல்லி அதற்குரிய செலவை எங்கிருந்து பெறுவார்? இம்மூன்றுக்கும் தெளிவான விடையில்லாத அறம், எத்துணை உயர்ந்த எண்ணத்தோடு நிறுவப்பட்டிருப்பினும், ஒரு தலைமுறைக்குள் பாழாகிவிடுவதை நாம் ஊர்தோறும் கண்டு வருகின்றோம்.

இம்மூன்று கேள்விகளையும் ஒரு தோப்பின்மீதன்று, ஒரு பெருங்காட்டின்மீது வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். தென்னமெரிக்கக் கண்டத்தின் வடகரையிலுள்ள கயானா நாட்டில், வெப்பமண்டல மழைக்காட்டைக் காப்பதற்கும், ஆராய்வதற்கும், அத்துறையில் பயிற்சி அளிப்பதற்கும் என எழுந்த அனைத்துலக நிலையம் ஒன்று உண்டு. இவோக்ரமா என்பது அதன் பெயர். அக்காட்டினிடையே எழுந்து நிற்கும் மலைக்கு மகுஷிப் பழங்குடி மக்கள் இட்ட பெயர் அது. புகலிடம் என்பது அதன் பொருள் என்பர். பகைவருக்கு அஞ்சிய காலங்களில் அவர்தம் முன்னோர் ஒதுங்கிய இடமாதலின் அப்பெயர் பெற்றது. புகலளித்த காட்டுக்கே புகல் தேட வேண்டிய காலம் வந்த வரலாறு இனி.

கோலாலம்பூரில் அளித்த வாக்கு

1989-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மலேசியத் தலைநகராகிய கோலாலம்பூரில் காமன்வெல்த் நாடுகளின் அரசுத் தலைவர்கள் கூடினர். அக்கூட்டத்தின்போதுதான் சுற்றுச்சூழல் பற்றிய லங்காவிப் பிரகடனமும் வெளியாயிற்று. மழைக்காடுகளைப் பற்றிய கவலை உலகெங்கும் ஓங்கியிருந்த காலம் அது. பிரேசில் நாட்டில் ரப்பர்ப் பால் எடுக்கும் தொழிலாளரின் தலைவராய் நின்று காட்டுக்காகப் போராடிய சிக்கோ மெண்டிஸ் கொலையுண்டு ஓராண்டுகூட நிறைவுறவில்லை. காட்டை வெட்டாதீர்கள் என்று செல்வ நாடுகள் கூறின. வெட்டாமல் எதைக் கொண்டு கடன் தீர்ப்பது, எதைக் கொண்டு மக்களுக்குச் சோறிடுவது என்று காடுடைய ஏழை நாடுகள் கேட்டன.

இவ்வழக்கினிடையே கயானாவின் குடியரசுத் தலைவர் டெஸ்மண்ட் ஹாய்ட் ஒரு வாக்களித்தார். தம் நாட்டு மழைக்காட்டில் பத்து லட்சம் ஏக்கருக்குச் சற்றே குறைந்த பரப்பை, காமன்வெல்த்தின் மேற்பார்வையில் உலகின் ஆய்வுக்கென ஒதுக்கித் தருவதாகக் கூறினார். காட்டை அழித்துவிடாமலே அதனால் மனிதர் பிழைக்க இயலுமா என்பதைச் சோதித்தறியும் களமாக அது விளங்க வேண்டும் என்பதே நோக்கம். அப்போது காமன்வெல்த்தின் பொதுச் செயலாளராக இருந்த ஸ்ரீதத் ராம்பாலும் கயானா நாட்டவரே.

அவ்வாறு ஒதுக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 3,71,000 ஹெக்டேர். நம் நீலகிரி மாவட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்று கொண்டால் அதன் அளவு ஒருவாறு விளங்கும். எஸ்ஸெகிபோ என்னும் பேராறு அதன் ஓரமாக ஓடுகின்றது. சிறுத்தையினத்தில் பெரிதாகிய ஜாகுவாரும், குரங்கைத் தூக்கிச் செல்லும் ஹார்ப்பிக் கழுகும், பெரு நீர்நாயும் அங்கு வாழ்கின்றன. ஏறத்தாழ 500 வகைப் பறவைகளும், 400-க்கு மேற்பட்ட மீனினங்களும் அங்கு உள்ளன. வௌவாலில் மட்டும் 90 இனங்கள் வரை கண்டறிந்துள்ளனர்.

கொடுத்தவர் செல்வரல்லர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. அந்நாளில் கயானா கடன் சுமையால் நலிந்து கிடந்தது. வாக்களித்த அதே அரசு, 1991-இல் மலேசிய, கொரியக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு 16 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை மரம் வெட்டும் உரிமையாக அளித்தது. ஒரு கை காப்பதற்குக் கொடுக்க, மறு கை அதனைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வெட்டுவதற்குக் கொடுத்தது. இதனை வஞ்சகம் என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுவது எளிது. வறுமைப்பட்ட குடும்பத்தலைவன் ஒரு நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மற்றவற்றை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்லும் நிலை அது என்று கொள்வதே நேர்மையாகும்.

கயானாவும் நாமும்

கயானா நமக்கு முற்றும் அயலான நாடன்று. ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களில் அடிமை முறை ஒழிந்தபின், ஒப்பந்தக் கூலிகளாக இந்திய மக்களை அங்குக் கொண்டு சென்றனர். 1838-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் முதற் கப்பல்கள் கரை சேர்ந்தன. 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர் அவ்வாறு சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாகச் சென்றவர். ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற நம்மவர். மாரியம்மன் வழிபாடு அங்கு இன்றும் நிலவுவது அவர்கள் விட்டுச் சென்ற தடம். தொடக்க நாள் முதலே அக்கப்பல்களில் முஸ்லிம்களும் இருந்தனர். ஹஜ்ஜுப் பெருநாளும் மீலாது நாளும் கயானாவில் அரசு விடுமுறை நாட்கள். 1998-இல் அந்நாடு இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பில் உறுப்பு நாடாயிற்று. 2020-இல் இர்ஃபான் அலி அந்நாட்டின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவரானார்.

ஆயினும் இவ்வாறு வந்து குடியேறியோர் பெரும்பாலும் கடற்கரையையொட்டியே வாழ்ந்தனர். ஏறத்தாழ 2,15,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அந்நாட்டில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் காடு. கரையோர மக்களுக்கு உள்நாட்டுக் காடு வெறுங்காடாகவே தோன்றிற்று. யாருமற்ற நிலம் என்ற எண்ணம் எளிதில் உண்டாவது இவ்வகையிலேதான்.

கும்பகோணத்தார் வகுத்த திட்டம்

வாக்கு வாக்காகவே நின்றுவிட்டிருந்தால் நாம் இதனை எழுத வேண்டியதில்லை. ஹாய்ட் அளித்த வாக்கைத் திட்டமாக்கக் காமன்வெல்த் செயலகம் அறிஞர் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைமையை ஏற்றவர் கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன். நெல், கோதுமை விளைச்சலைப் பெருக்கியவர் என்றே அவரை நாம் அறிவோம். 2023-இல் அவர் மறைந்தபோதும் அதனையே அனைவரும் போற்றினர். தென்னமெரிக்க மழைக்காடு ஒன்றின் காப்புக்கு அவர் அடித்தளமிட்ட செய்தியை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

அத்திட்டத்தின் சிறப்பு, காட்டை முழுமையாகப் பூட்டி வைக்கவுமில்லை, முழுமையாகத் திறந்து விடவுமில்லை என்பதாகும். ஏறத்தாழச் சரிபாதி மனிதக் கை படாத காப்பகம். மறுபாதி, காடு குன்றாத வகையில் மரமும் பிற பொருளும் எடுத்துப் பார்க்கும் பகுதி. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எடுப்பதனால் காட்டுக்கு உண்டாகும் கேடு எவ்வளவு என்பது கண்கூடாகும். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்திலிருந்து கிடைத்த 30 லட்சம் டாலர் தொடக்கப் பணிக்கு உதவிற்று.

இடையில் ஆட்சி மாறிற்று. 1992-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹாய்ட் தோற்று, செடி ஜகன் குடியரசுத் தலைவரானார். இருவரும் நெடுங்கால அரசியல் எதிரிகள். முன்னவர் நட்டதைப் பின்னவர் பிடுங்கி எறிவது எந்நாட்டிலும் காணும் காட்சி. ஜகன் அவ்வாறு செய்யவில்லை. 1995-இல் அவருடைய அரசு காமன்வெல்த் செயலகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1996-இல் இவோக்ரமாச் சட்டம் நிறைவேறிற்று. பல நாட்டினரும் அடங்கிய அறங்காவலர் குழு ஒன்று நிலையத்தின் பொறுப்பை ஏற்றது. ஆராய்வதும், பயிற்றுவதும், கற்றதைப் பிறருக்குப் பரப்புவதும் அதன் கடமைகள் எனவும், அதனால் விளையும் நன்மை கயானா மக்களுக்கும் உலகத்தாருக்கும் சேர வேண்டும் எனவும் சட்டம் விதித்தது.

உடைமை யாருடையது?

இனி நம் முதற் கேள்விக்கு வருவோம். ஹாய்ட் கொடுத்த காடு அவருக்கு உரியதா?

சட்டத்தின் கண்ணில் அது அரசு நிலம். ஆனால் அக்காட்டிலும் அதன் தெற்கேயுள்ள ருபுனுனிப் புல்வெளியிலும் மகுஷி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். வேட்டையாடியும், மீன் பிடித்தும், மரவள்ளி பயிரிட்டும் உயிர் வாழ்வோர். எஸ்ஸெகிபோ ஆற்றின் குருபுகாரி அருவியருகே பாறைகளில் பழங்கால மனிதர் செதுக்கிய உருவங்கள் இன்றும் உள்ளன. கோலாலம்பூரில் வாக்களிக்கப்பட்ட நாளில், இக்காட்டில் வாழ்ந்தோரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. காட்டின் எல்லைக்குள்ளேயே இருந்த ஃபேர் வியூ என்னும் சிற்றூர், தன் நிலம் உலகுக்கு ஈயப்பட்டதைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டியிருந்தது.

ஆய்வு என்னும் பெயரால் வந்தோரை அம்மக்கள் முன்பும் கண்டவர்கள். 1812-இல் சார்ல்ஸ் வாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயர், மகுஷியர் அம்பு நுனியில் பூசும் குராரே நஞ்சைத் தேடி அந்நாட்டின் உட்பகுதிக்குச் சென்றார். அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று 1814-இல் ஒரு பெண் கழுதைக்குச் செலுத்திச் சோதித்தனர். மூச்சு நின்ற அவ்விலங்கின் தொண்டைக் குழலில் துருத்தியால் காற்றூதி அதனைப் பிழைக்க வைத்தனர். அக்கழுதை அதன்பின் 25 ஆண்டுகள் வாழ்ந்தது. அவ்வகை நஞ்சிலிருந்து பிரித்த மருந்தை 1942-இல் கனடாவின் மான்ட்ரியல் நகர மருத்துவர்கள் அறுவை மருத்துவத்தில் தசையைத் தளர்த்தப் பயன்படுத்தினர். மருத்துவ உலகுக்கு அது பெரும் பேறு. ஆனால் அந்த நஞ்சைக் காய்ச்சக் கற்றிருந்தோருக்கு அதனால் கிடைத்தது என்ன? வாட்டர்ட்டன் பெயர் நூல்களில் நிற்கின்றது. அந்தக் கழுதைக்கு இட்ட பெயர்கூட நிற்கின்றது. நஞ்சு காய்ச்சிக் கொடுத்த மகுஷியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இந்த நினைவோடு வாழும் மக்களிடையே புதிய நிலையம் ஒன்று தொடங்குவது எளிதன்று. இவோக்ரமாவின் வரலாற்றில் நாம் மதிக்கத்தக்கது, தொடக்கத்திலே நேர்ந்த அக்குறையை உணர்ந்து படிப்படியாகத் திருத்த முயன்றமையே. பழங்குடியினர் வழிவழியாக அக்காட்டைப் பயன்படுத்தி வரும் உரிமைக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு இடப்பட்டது. சுற்றுக் கிராமங்கள் கூடி 1996-இல் வட ருபுனுனி மாவட்ட வளர்ச்சி வாரியம் என்னும் தம் சொந்த அமைப்பை நிறுவின. நிலையம் அவ்வாரியத்தோடு அமர்ந்து பேசித் திட்டங்களை வகுக்கலாயிற்று. அறங்காவலர் குழுவில் அம்மக்களுடைய பிரதிநிதிக்கும் இடம் ஏற்பட்டது. ஃபேர் வியூ ஊருக்கு அதன் நிலத்தின்மீது பட்டாவும் பின்னாளில் கிடைத்தது.

பயிற்சி என்னும் சொல்லும் அங்கு இருவழிப் பாதையாயிற்று. கிராமத்து இளைஞர் வனக்காவலராகவும் வழிகாட்டிகளாகவும் பயிற்சி பெற்றனர். கிராமத்துப் பெண்கள் மகுஷி ஆய்வுக் குழு ஒன்றாகத் திரண்டு, தம் மக்களின் வாழ்முறையைத் தாமே எழுதித் தொகுத்தனர். ஆய்வுக்கு உள்ளாகி வந்தவர் ஆய்வாளரான நிகழ்ச்சி அது. அரப்பைமா என்னும் பெருமீனின் கதையும் அத்தகையதே. நன்னீர் மீன்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான அது, மூச்சு வாங்க நீரின் மேல்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். எழும் ஓசையையும் அசைவையும் கொண்டு, எத்தனை மீன் என்று எண்ணிச் சொல்லும் திறம் கைதேர்ந்த மீனவருக்கு உண்டு. பிரேசிலின் மாமிராவா பகுதியில் மீனவரும் அறிஞரும் சேர்ந்து உருவாக்கிய அந்த எண்ணும் முறை, ருபுனுனி நீர்நிலைகளிலும் கைக்கொள்ளப்பட்டது. எண்ணிக்கை குறைந்து வந்த அம்மீனைக் காக்கும் திட்டத்தில் கிராமத்து மீனவரே கணக்காளராயினர். அங்கு ஆசிரியர் யார், மாணவர் யார்?

ஹிமா காட்டும் வழி

இரண்டாவது கேள்வி, பயன் யாருக்கு என்பது. இதற்கு நம் வரலாற்றிலிருந்து ஒரு விளக்கைக் கொண்டு வருவது பொருந்தும்.

ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தை அரபு மக்கள் ஹிமா என்பர். ஜாஹிலிய்யாக் காலத்தில் வலிய தலைவன் எவனும், தன் நாயின் குரைப்பு எட்டும் தொலைவு வரை தன் ஹிமா என்று கூறிப் பிறரை விலக்குவான். அவ்வாறு செருக்குற்ற குலைப் என்பவனின் ஹிமாவில் ஒரு பெண் ஒட்டகம் நுழைந்ததால் மூண்டதே பஸூஸ் போர். நாற்பது ஆண்டுகள் அது நீடித்ததாக வரலாற்றாசிரியர் கூறுவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இத்தகைய தனியார் ஹிமாவை ஒழித்தார்கள். பொதுநன்மைக்காக அன்றி எவரும் நிலத்தை விலக்கி வைத்தலாகாது என்று ஆக்கினார்கள். மதீனாவை அடுத்த நகீஃ என்னும் இடத்தைப் பொதுப்பணிக்குரிய குதிரைகளுக்காக ஒதுக்கினார்கள். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் மாவர்தீ, ஆட்சிச் சட்டங்கள் பற்றிய தம் நூலில் ஹிமாவுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரபதாவிலும் ஹிமா அமைத்து, ஹுனய் என்பாரை அதற்குக் காவலராக்கினார்கள். அப்போது அவர்கள் இட்ட கட்டளை உலக அரசுகள் அனைத்தும் கற்கத்தக்கது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியோரை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களாகிய இப்னு அவ்ஃப் (ரலி), இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடாதிருக்குமாறும் பணித்தார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குப் பேரீச்சந் தோட்டமும் வயலும் உண்டு. எளியவரின் ஆடு அழிந்தால் அவர் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாயிலில் வந்து நிற்பார் என்பது அவர்கள் சொன்ன காரணம். அத்தோடு நில்லாமல், இந்நிலத்தை ஒதுக்கியதால் மக்கள் தம்மை அநீதி இழைத்தவராகக் கருதக்கூடும் என்றும், நிலம் அவர்களுடையதே என்றும், அதற்காக அவர்கள் போரிட்டிருக்கின்றார்கள் என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள்.

இவோக்ரமாவை இக்கட்டளையின் ஒளியில் நோக்குவோமாயின், அளவுகோல் தானே கிடைத்துவிடும். காட்டைக் காப்பது என்னும் பெயரால் உலகின் பல இடங்களில், சில ஆடுகளை உடையவரை வெளியேற்றிவிட்டுப் பெருமந்தை உடையோருக்கு வாயில் திறந்திருக்கின்றது. மலைவாழ் மக்கள் விறகு பொறுக்குவது குற்றம்; உல்லாச விடுதி கட்டுவது வளர்ச்சி. இவோக்ரமா அவ்வாறாகாமல் தப்பியது பெருமளவுக்கு, நிலம் அவர்களுடையது என்று காலந்தாழ்ந்தேனும் ஒப்புக்கொண்டதனால்தான்.

செலவுக்கு வழி

மூன்றாவது கேள்வியே இன்றுவரை முற்றுப்பெறாதது. வெளிநாட்டுக் கொடையாளரின் ஆர்வம் சில ஆண்டுகளே நீடிக்கும். காடோ நூற்றாண்டுக் கணக்கில் வளர்வது. கொடை குறையத் தொடங்கியதும் நிலையம் தன் கைப்பொருளைத் தானே தேட வேண்டியதாயிற்று. ஒதுக்கிய பாதியில், ஒரு முறை வெட்டிய இடத்தை 60 ஆண்டு கழித்தே மீண்டும் அணுகும் முறையில் மரம் எடுத்தனர். 2008-இல் அம்முறைக்கு அனைத்துலகச் சான்றும் கிடைத்தது. மரமுகட்டின் உயரத்தில் தொங்குபாலம் அமைத்துப் பயணிகளை வரவேற்றனர். அதே 2008-இல் லண்டன் நிறுவனம் ஒன்று, காடு ஆற்றும் பணிகளுக்கே, அதாவது மழையைத் தருவதற்கும் கரியைத் தன்னுள் அடக்கி வைப்பதற்கும், விலை கொடுக்க முன்வந்தது. நிற்கும் மரத்துக்கு விலை என்பது அந்நாளில் புதுமையாக இருந்தது. ஆயினும் அதற்குரிய சந்தை எதிர்பார்த்தவாறு எழவில்லை.

நாட்டளவிலும் இவ்வெண்ணம் பரவிற்று. 2009-இல் நார்வே அரசு, கயானா தன் காட்டைக் காத்து வருமாயின் 25 கோடி டாலர் வரை அளிப்பதாக ஒப்பந்தம் செய்தது. 2015-இல் கயானாவின் கடலடியில் பெருமளவு எண்ணெய் கண்டறியப்பட்டது. 2019 டிசம்பரில் எடுக்கவும் தொடங்கினர். 2022-இல் அவ்வெண்ணெயில் பங்குடைய அமெரிக்க நிறுவனமொன்றே, கயானாக் காடு அடக்கி வைத்திருக்கும் கரியின் கணக்குக்காகக் குறைந்தது 75 கோடி டாலர் தர உடன்பட்டது. அதில் நூற்றுக்கு 15 பங்கு பழங்குடி ஊர்களுக்கு எனத் தீர்மானமாயிற்று. கடலடியிலிருந்து கரியை மேலே கொணர்வோரே, காட்டில் அது அடங்கிக் கிடப்பதற்கும் பணம் தருகின்றனர்! இதனைக் கைம்மாறு என்பதா, கழுவாய் என்பதா என வாசகர்களே முடிவு செய்யட்டும்.

எண்ணெய் வருவாய் பெருகிய நாட்டில் காட்டின்மீது கடன்காரனின் நெருக்கடி குறையலாம். ஆனால் வேறு நெருக்கடி கூடும். லிண்டன் நகரிலிருந்து பிரேசில் எல்லையிலுள்ள லெதெம் வரை செல்லும் சாலை இவோக்ரமாக் காட்டை ஊடறுத்தே செல்கின்றது. நெடுங்காலம் அது செம்மண் சாலையாகவே இருந்தது. சாலை அகலமும் உறுதியும் பெறுந்தோறும் வண்டிகள் பெருகும். வேட்டையாடுவோரும் பொன் தேடுவோரும் உடன் வருவர். ஒரு நாட்டின் வறுமையிலிருந்து தப்பிய காடு, அதன் செல்வத்திலிருந்தும் தப்புமா என்பதே இனி வரும் சோதனை.

நாம் பெறும் பாடம்

ஹாய்ட் 2002-இல் மறைந்தார். ஜகன் 1997-இலேயே மறைந்துவிட்டார். ராம்பால் 2024-இல் காலமானார். வாக்களித்தவரும், அதனை நிறைவேற்றியவரும், துணை நின்றவரும், திட்டம் வகுத்த நம் கும்பகோணத்தாரும் இன்று இல்லை. காடு நிற்கின்றது. வக்ஃபு என்பதன் உட்பொருளும் இதுவே: கொடுத்தவர் போனபின்னும் கொடுத்தது நிற்க வேண்டும்.

ஆயினும் அது நிற்பது கையெழுத்தினாலன்று. பத்து லட்சம் ஏக்கரைக் காக்கத் தலைநகரிலிருந்து காவலரை அனுப்பி முடியாது. ஆற்றின் நீர் எப்போது ஏறும், அரப்பைமா எங்கே மூச்சு வாங்கும், எந்த மரம் எப்போது காய்க்கும் என்று அறிந்தவர் அங்கேயே வாழ்ந்து கொண்டிருக்கின்றனர். அவர்களைப் புறத்தே நிறுத்திய எந்த ஆய்வு நிலையமும் கட்டடமாக மட்டுமே எஞ்சும். அவர்களை முத்தவல்லிகளாக ஏற்கும் வரையிலேயே அது அமானிதமாக விளங்கும்.

நம் நாட்டிலும் காடுகளுக்குக் காப்பகம் என்று பெயர்ப்பலகை நடும்போதெல்லாம், ரபதாவின் காவலருக்குக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இட்ட கட்டளையை நாம் நினைவுகூர்வது நன்று. வாயிலில் நிற்கும் காவலர் யாரை உள்ளே விடுகின்றார், யாரை விலக்குகின்றார் என்பதைப் பார்த்தாலே, அது பொதுநன்மைக்கான ஹிமாவா, நாயின் குரைப்பு எட்டும் தொலைவை அளந்துகொண்ட குலைபின் ஹிமாவா என்பது தெரிந்துவிடும்.